கம்பெனி விதையும் கம்பத்துப் பருத்திப்பாலும்

கம்பம் பேருந்து நிலையத்துக்கு வெளியே குமுளி வண்டிக்காகக் காத்திருந்த ஒரு மாலை. தள்ளுவண்டியில் பித்தளை அண்டா, அதில் பருத்திப்பால். சுக்கும் கருப்பட்டியும் சேர்ந்த மணம் சாலையைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. பக்கத்தில் நின்றவர் வண்டிப்பெரியாறு பக்கம் ஏலத்தோட்டத்தில் வேலை பார்க்கிறவர். சொந்தமாக அரை ஏக்கரில் காய்கறியும் போடுகிறார். காய்கறி விலையில் தொடங்கிய பேச்சு எங்கெங்கோ சுற்றி ஜி.எம்.மில், அதாவது மரபணு மாற்றுப் பயிரில், வந்து நின்றது. “மத்ததெல்லாம் வந்தாலும் வரட்டும் சார். அந்த மரபணு கத்திரிக்காயை மட்டும் எங்க மலைக்கு ஏத்திறக் கூடாது. தின்னா பிள்ளை தங்காதுங்கறாங்க” என்றார். சொல்லிவிட்டு இரண்டாவது டம்ளரை வாங்கிக்கொண்டார்.

பருத்திக் கொட்டையை ஊறவைத்து, ஆட்டி, பிழிந்து எடுப்பதுதான் பருத்திப்பால். இந்தியாவில் இன்று விளையும் பருத்தியில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் பி.டி. பருத்தி, அதாவது மரபணு மாற்றிய பயிர். கரிசலில் இன்னும் கருங்கண்ணி என்ற நாட்டுப் பருத்தி போடும் ஒரு சிலரிடம் சொல்லிவைத்து வாங்கியிருந்தால் ஒழிய, அந்த அண்டாவில் கொதித்தது பி.டி. கொட்டையாகத்தான் இருக்க வேண்டும். எண்ணெயாகப் பிழிந்தோ மாட்டின் வயிறு வழியாகவோ வராமல், மரபணு மாற்றிய விதையையே அரைத்துக் குடிக்கும் வழக்கம் இந்த நாட்டில் வேறு எங்கே இருக்கிறதோ, எனக்குத் தெரிந்து மதுரை, தேனிக்காரர்களுக்கு இருக்கிறது. அதைச் சொல்லி அவருடைய டம்ளரைக் கசக்கவைக்க மனம் வரவில்லை. நானும் ஒரு டம்ளர் குடித்தேன்.

பயமில்லாமல் குடித்ததற்குக் காரணம் உண்டு. பி.டி. என்பது பாசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற மண் பாக்டீரியாவின் சுருக்கப் பெயர். அதன் புரதம் காய்ப்புழுவின் குடலுக்குள் போனால் அங்குள்ள காரத்தில் கரைந்து, குடல் சுவரில் ஒட்டி, ஓட்டை போட்டுவிடும். நம் வயிற்றில் இருப்பதோ அமிலம். ஒட்டிக்கொள்ளப் புழுவின் குடலில் இருக்கிற பிடிமானமும் நமக்குக் கிடையாது. போதாததற்கு, வண்டிக்காரர் அதைக் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சியும் விடுகிறார். இதே பாக்டீரியாவைப் பொடியாகவும் கடையில் விற்கிறார்கள். இயற்கை விவசாயச் சான்று வாங்கிய தோட்டங்களில்கூட அதைத் தெளிக்க அனுமதி உண்டு. பருத்திக் கொட்டையில் பயப்படத்தக்க பொருள் ஒன்று இருக்கிறதென்றால் அது காசிபால் என்ற நஞ்சு. பி.டி. வருவதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே, நாட்டுப் பருத்தியிலும் அது இருந்தது.

அப்படியானால் அந்த மனிதர் விவரம் தெரியாதவர், நாலு வகுப்பு எடுத்தால் சரியாகிவிடும் என்று முடித்துவிடலாமா? கருத்தரங்குகளில் அப்படித்தான் முடிக்கிறார்கள். ஐரோப்பாவில் பல ஆண்டுகள் நடத்திய கருத்துக் கணிப்பு ஒன்றில் ஒரு கேள்வி கேட்பார்கள்: “சாதாரணத் தக்காளியில் மரபணு கிடையாது, மரபணு மாற்றிய தக்காளியில்தான் உண்டு, சரியா தவறா?” தவறு என்று சரியாகச் சொன்னவர்கள் பாதிக்கும் குறைவு. படித்த நாடுகளிலேயே நிலைமை இது. எனவே வண்டிப்பெரியாற்றுக்காரரைப் பார்த்துச் சிரிக்க யாருக்கும் தகுதியில்லை. அதைவிட முக்கியம், அவருடைய பயம் மரபணுவைப் பற்றியதே இல்லை என்பது. வேறு சில மனக்குறைகளைப் போட்டுக் கட்டிவைத்த சாக்கின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டுதான் ‘ஜி.எம்.’ என்ற சொல். சாக்கை அவிழ்த்துப் பார்த்தால் அவர் சொல்வதில் பாதிக்கு மேல் நியாயம் தெரியும்.

பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேம்பதி, மீனாட்சிபுரம். இடுக்கியின் கிழக்கு ஓரத்தில் மறையூர், காந்தலூர், வட்டவடை, உடும்பன்சோலை, குமுளி. இரண்டு ஓரத்திலும் வீட்டுக்குள் தமிழ், ரேஷன் அட்டையில் மலையாளம். ஜி.எம். பயிருக்கு மலையாளப் பத்திரிகை ‘ஜனிதக மாற்றம் வருத்திய விள’ என்று எழுதும், தமிழ்ப் பத்திரிகை ‘மரபணு மாற்றுப் பயிர்’ என்று எழுதும். இரண்டும் வாயில் நுழையாமல் ஊர்க்காரர்கள் ‘பி.டி.’ என்று சொல்லிக்கொள்கிறார்கள். அப்படிச் சொல்லும்போது அவர்கள் மனதில் என்னென்ன காய் நிற்கிறது என்று கேட்டுப் பார்த்தேன். கொட்டையில்லாத தர்பூசணி, ரெட் லேடி பப்பாளி, ஒரே அளவில் வரும் தக்காளி, திசு வளர்ப்பு வாழை, பிராய்லர் கோழி! இதில் ஒன்றுகூட ஜி.எம். கிடையாது. தர்பூசணி குரோமோசோம் எண்ணிக்கையை மாற்றி ஒட்டுச் சேர்த்தது. ரெட் லேடி தைவானில் உருவான வீரிய ஒட்டு. மரபணு மாற்றிய பப்பாளி என்று ஒன்று இருப்பது உண்மைதான், ஆனால் அது 1998 முதல் ஹவாய்த் தீவில் விளைகிறது. வாழை, கிழங்கிலிருந்து பக்கக்கன்று எடுப்பதைச் சோதனைக்கூடத்துக்குள் செய்வது. இந்தியாவில் வணிகமாகப் பயிரிட அனுமதி பெற்ற ஜி.எம். பயிர் பருத்தி ஒன்றுதான். வேலந்தாவளம் சந்தையில் காலையில் இறங்கும் அத்தனை கூடையையும் கொட்டிப் பார்த்தாலும் ஜி.எம். காய் ஒன்று கிடைக்காது.

ஆனால் அதே சந்தையில் விவசாயிகள் பேசுவதைச் சும்மா கேட்டுக்கொண்டிருந்தால் அவர்கள் பயிர்களைப் பிரிக்கும் முறை வேறு என்று புரியும். அவர்களுக்கு இரண்டே வகை: நாட்டு விதை, கம்பெனி விதை. நாட்டு விதை என்றால் விளைந்த காயில் ஒன்றை முற்றவிட்டு, சாம்பலில் புரட்டி, அடுத்த பட்டத்துக்கு எடுத்துவைக்கலாம். கம்பெனி விதை என்றால் டப்பா அல்லது பாக்கெட், ஒவ்வொரு பட்டத்துக்கும் காசு. எடுத்துவைத்து விதைத்தால் தாய்ச்செடி போல வராது. வட்டவடைப் பக்கம் கோவிலூரில் முட்டைக்கோஸ் போடும் ஒருவர் விதைப் பாக்கெட்டைக் காட்டினார். ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடும் அளவு. விதையில் ஏதோ ரோஸ் நிற மருந்து பூசியிருந்தது. “நம்ம வீட்டு அரிசியை எலி தின்னும். இதை எலிகூடத் தொடாது” என்றார். அது மரபணு மாற்றியதல்ல, சாதாரண வீரிய ஒட்டுதான் என்று சொன்னேன். “அப்ப எடுத்துவச்சா முளைக்குமா?” என்று கேட்டார். முளைக்கும், ஆனால் ஒன்று போல ஒன்று வராது என்றேன். “அப்ப பி.டி. தானே!” என்று என்னை மடக்கிவிட்டார்.

அவரைத் திருத்துவதா, அல்லது அவர் வகைப்பாட்டை எடுத்துக்கொண்டு யோசிப்பதா? இரண்டாவதைச் செய்தால் வேடிக்கையான இடத்துக்குப் போய்ச் சேருகிறோம். 2009 அக்டோபர் 14 அன்று மத்திய அரசின் மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு பி.டி. கத்திரிக்காய்க்குப் பச்சைக்கொடி காட்டியது. மரபணு மாற்றத் தொழில்நுட்பம் மஹிகோ நிறுவனத்துடையது. ஆனால் அதைச் சில ரகங்களில் ஏற்றியது கோவையில் இருக்கும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், பாலக்காட்டிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணம். அந்த ரகங்கள் வீரிய ஒட்டு கிடையாது. விவசாயி விதை எடுத்துவைத்துத் திரும்பப் போட்டுக்கொள்ளக் கூடியவை. கோவிலூர்க்காரரின் கணக்குப்படி பார்த்தால் அவை பாதி நாட்டு விதை! அவர் இப்போது போடும் முட்டைக்கோஸ்தான் முழுக் கம்பெனி. பருத்தியில் நடந்தது இதற்கு நேர் எதிர். சீனாவிலும் அமெரிக்காவிலும் பி.டி. பருத்தி பெரும்பாலும் வீரிய ஒட்டு இல்லாத ரகமாக விளைய, இங்கே மட்டும் வீரிய ஒட்டுக்குள் வைத்துக் கொடுத்தார்கள். விதை ஆண்டுதோறும் விற்கும் சரக்காக ஆனது. தொடக்கத்தில் 450 கிராம் பாக்கெட் 1,600 ரூபாய்க்கு மேல் விற்றது. 2006-ல் ஆந்திர அரசு வழக்குப் போட்ட பிறகுதான் விலை பாதியாக இறங்கியது. மரபணு மாற்றம் ஒரு தொழில்நுட்பம், விதையை யார் கையில் வைத்திருப்பது என்பது ஒரு வியாபார முடிவு. இரண்டையும் ஒரே பாக்கெட்டில் போட்டு விற்றுவிட்டு, மக்கள் குழம்புகிறார்கள் என்று குறை சொல்வது எந்த ஊர் நியாயம் என்று தெரியவில்லை.

கத்திரிக்காய்க் கதையில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். எதிர்ப்பு கிளம்பியதும் அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ், இந்த நாட்டு அமைச்சர்கள் வழக்கமாகச் செய்யாத ஒன்றைச் செய்தார். 2010 ஜனவரி, பிப்ரவரியில் ஏழு ஊர்களில் பொது விசாரணை நடத்தி, வசவுகளையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏறக்குறைய 8,000 பேர் வந்தார்கள். கேரளத்தின் வி.எஸ். அச்சுதானந்தன் அரசு, எங்கள் மாநிலத்துக்குள் ஜி.எம். எதுவுமே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தது. பிப்ரவரி 9 அன்று கத்திரிக்காய் நிறுத்திவைக்கப்பட்டது. பாராட்ட வேண்டிய காரியம்தான். ஆனால் அந்த ஏழு ஊர்களின் பட்டியலைப் பாருங்கள்: கொல்கத்தா, புவனேஸ்வர், அகமதாபாத், நாக்பூர், சண்டிகர், ஹைதராபாத், பெங்களூரு. அந்தச் செடி ஊன்றப்பட்ட கோவை இல்லை, மதுரை இல்லை, திருச்சூர் இல்லை. தமிழிலோ மலையாளத்திலோ கேட்கப்படும் கேள்விக்கு அந்தந்த மொழியிலேயே பதில் வரும் ஒரு கூட்டம் நடக்கவேயில்லை. கத்திரிக்காயைப் பற்றி இந்த எல்லைக்கு வந்து சேர்ந்ததெல்லாம் துண்டறிக்கையும் செவிவழிச் செய்தியும்தான். ‘பிள்ளை தங்காது’ அப்படி வந்ததுதான்.

அதற்கு முன்பே இங்கே ஒன்று நடந்திருந்தது. 2006 நவம்பரில், கோவைக்கு மேற்கே மலையடிவாரப் பக்கமான ஆலாந்துறையை ஒட்டிய ஒரு கிராமத்தில், பி.டி. நெல் சோதனை வயலை விவசாயச் சங்கத்தார் பிடுங்கிப் போட்டார்கள். தன் நிலத்தில் வளர்வது என்ன நெல் என்று நிலத்துக்காரருக்கே சொல்லவில்லை என்று அப்போது செய்தி வந்தது. பிடுங்கியது சரியா தவறா என்று இன்றும் கோவையில் வாதாடுவார்கள். நான் அந்தச் சோதனையை நடத்திய விதத்தைத்தான் பெரிய தவறாக நினைக்கிறேன். பயிரில் பிழை இருந்ததா என்பது தெரியவரும் முன்பே, மறைத்தார்கள் என்பது ஊருக்குத் தெரிந்துவிட்டது. மலைக்கு இந்தப் பக்கம் செய்தி வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும்?

சாக்குக்குள் அடுத்து இருப்பது மருந்து. எல்லையோரத் தமிழர்கள் பூச்சிக்கொல்லியை ‘மருந்து’ என்றுதான் சொல்கிறார்கள், விற்கிற கடையும் மருந்துக்கடைதான். 2015-ல் கேரள உணவுப் பாதுகாப்புத் துறை தமிழ்நாட்டுக் காய்கறியில் மருந்து மிச்சம் இருக்கிறது என்று நடவடிக்கையில் இறங்கியபோது, வாளையாரிலும் குமுளியிலும் காய்கறி லாரிகளைப் பார்க்கும் பார்வையே மாறிப்போனது. கேரளத்துக்கு அந்தப் பதற்றம் வந்ததற்குக் காசர்கோடு ஒரு காரணம். அரசுத் தோட்டக் கழகத்தின் முந்திரிக் காடுகளில் ஹெலிகாப்டரிலிருந்து எண்டோசல்ஃபானைத் தெளித்துக்கொண்டிருந்த ஆண்டுகள் முழுக்க, அதனால் ஒன்றும் ஆகாது என்றுதான் மக்களிடம் சொல்லப்பட்டது. பிறகு அந்தப் பிள்ளைகளின் படங்கள் வந்தன. 2011-ல் உச்ச நீதிமன்றம் எண்டோசல்ஃபானுக்குத் தடை விதித்தது. ‘பரிசோதித்துவிட்டோம், பயமில்லை’ என்று வெள்ளைச் சட்டைக்காரர் யாராவது சொன்னால், பாலக்காட்டிலிருந்து இடுக்கி வரை மனதில் வருவது அந்தப் படங்கள்தான். அது அறியாமை என்றால், பட்டுத் தெரிந்துகொண்டதற்கு வேறு பெயர் கண்டுபிடிக்க வேண்டும்.

ஆனால் இந்த நினைவை ஜி.எம்.மின் மேல் ஏற்றும்போது கணக்கு பிசகுகிறது. உடும்பன்சோலை, வண்டன்மேடு மலைகளில் இன்று எங்கு பார்த்தாலும் ஞள்ளானி ஏலக்காய். அதைக் கண்டெடுத்தது எந்தக் கம்பெனியும் இல்லை, இடுக்கியிலேயே ஒரு விவசாயி. நல்ல தட்டையாகப் பார்த்துப் பிரித்து நட்டு, பெருக்கி, அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தார். கோவிலூர்க்காரரின் கணக்குப்படி இதைவிட நாட்டு விதை கிடையாது. அந்தத் தோட்டங்களில் மாதம் தவறாமல் மருந்து அடிக்கிறார்கள். தண்டுத் துளைப்பான், த்ரிப்ஸ், அழுகல் என்று காரணத்துக்குப் பஞ்சமில்லை. முதுகில் டேங்க், முகத்தில் ஈரத் துண்டு, காலில் ரப்பர் செருப்பு. பாதுகாப்புச் சாதனம் என்று பார்த்தால் அவ்வளவுதான். ஆக, ரகம் நாட்டு என்பதால் மருந்து குறைந்துவிடவில்லை.

பி.டி. பயிரை உண்டாக்கியதே மருந்தைக் குறைக்கத்தான். கத்திரியில் தண்டும் காயும் துளைக்கிற புழுவுக்கு நம் விவசாயிகள் வாரத்துக்கு இரண்டு தடவைகூடத் தெளிப்பதுண்டு. 2013-ல் அதே பி.டி. கத்திரிக்கு அனுமதி கொடுத்த வங்கதேசத்தில் 2014 தொடக்கத்தில் 20 விவசாயிகள் நட்டார்கள். பிறகு ஆயிரக்கணக்கானவர்கள் நட்டார்கள். தெளிப்பது குறைந்தது என்றுதான் அங்கு நடந்த ஆய்வுகள் சொல்கின்றன. மறுபக்கம், நம் ஊர்ப் பருத்தியிலும் முதலில் மருந்து குறைந்தது. பிறகு புழு பழகிக்கொண்டது. இளஞ்சிவப்புக் காய்ப்புழு முதல் வகை பி.டி.க்கு அடங்கவில்லை என்பது 2010-ல் குஜராத்தில் வெளிப்படையாக ஒப்புக்கொள்ளப்பட்டது. இன்னொரு மரபணுவும் சேர்த்து வந்த இரண்டாம் வகைக்கும் பின்னர் அதே கதி. 2017-ல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் பருத்திக்கு மருந்து அடித்த விவசாயிகள் 20 பேருக்கு மேல் அதன் நஞ்சேறிச் செத்தார்கள். அது பி.டி. பருத்திதான், ஆனால் கொன்றது மருந்து.

புழு பழகும் என்பது முன்பே தெரிந்த விஷயம். அதற்கான ஏற்பாடும் பாக்கெட்டிலேயே இருந்தது. பெரம்பலூர்ப் பக்கம் ஒரு பருத்திக்காரர் வீட்டுக்குப் போயிருந்தபோது, தாழ்வாரத்து மூலையில் சிறு சிறு பொட்டலங்கள் பிரிக்காமலே குவிந்து கிடந்தன, மேலே எலிப் புழுக்கை. ஒவ்வொரு 450 கிராம் பி.டி. விதையோடும் அப்போது சேர்த்துக் கொடுத்த 120 கிராம் சாதாரணப் பருத்தி விதை அது. வயலைச் சுற்றி ஐந்து வரிசை அதை விதைக்க வேண்டியிருந்தது. அங்கே பி.டி.க்குப் பழகாத புழுக்கள் பிழைத்துக் கிடக்கும், பழகிய புழுக்களோடு இணை சேரும், பழக்கம் வேகமாகப் பரவாது. அழகான யோசனை. பெரம்பலூர்க்காரர் கேட்டார்: “புழு தின்னட்டும்னு நானே விதைச்சு விடணுமாங்க? அதுக்கு யாரு உரம் வைக்கிறது?” இந்தக் கேள்விக்குப் பொட்டலத்தின் மேல் பொடி எழுத்தில் எழுதியிருந்த ஆங்கிலம் பதில் சொல்லவில்லை. பக்கத்து மருந்துக்கடைக்காரரும் சொல்லவில்லை. பின்னர் விவசாயி தூக்கிப் போட முடியாதபடி இரண்டு விதையையும் ஒன்றாகக் கலந்தே விற்கத் தொடங்கினார்கள். சொல்லிப் புரியவைக்க முடியாததைக் கலந்து கொடுத்துச் சமாளித்தார்கள், அதற்குள் பல வருடம் ஓடிவிட்டது.

கேரளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜி.எம். வேண்டாம் என்று சொன்னதோடு நிற்காமல், 2010-ல் வெளியிட்ட இயற்கை விவசாயக் கொள்கையிலும் அதை எழுதிவைத்த மாநிலம் அது. கோட்டயம் புதுப்பள்ளியில் இருக்கும் ரப்பர் ஆராய்ச்சி நிலையம் வறட்சியும் குளிரும் தாங்கும் ஜி.எம். ரப்பர்க் கன்று ஒன்றை உருவாக்கியது. பத்தனம்திட்டை மாவட்டத்தில் நட்டுப் பார்க்க 2010-ல் மத்தியக் குழு அனுமதித்தது, மாநிலம் முடியாது என்றது. கடைசியில் அந்தக் கன்று 2021 ஜூனில் அசாமில், குவாஹாட்டிக்கு அருகில், மண்ணைத் தொட்டது. அதில் பயனுக்காக ஏற்றிய மரபணு வேறெந்த உயிரினுடையதும் இல்லை, ரப்பர் மரத்தினுடையதன் இன்னொரு பிரதிதான். தின்கிற பொருளும் இல்லை. கீழ் இடுக்கியில் விலை வீழ்ச்சியில் ரப்பரை வெட்டிவிட்டு வேறு நட்டவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் ஒருவரிடமாவது இந்தக் கன்று வேண்டுமா வேண்டாமா என்று கேட்டிருப்பார்களா? வேண்டாம் என்று சொல்லும் உரிமை கேரளத்துக்கு உண்டு. ஆனால் மக்களிடம் கேட்காமல் கொண்டுவருவது எவ்வளவு தவறோ, அவர்களிடம் கேட்காமல் விரட்டுவதும் அதற்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை. சித்தூரிலும் தேவிகுளத்திலும் தமிழ்வழிப் பள்ளிகள் இருக்கின்றன. ஆனால் அரசின் வேளாண் அலுவலகமான கிருஷிபவனில் கிடைக்கும் கையேடுகள் பெரும்பாலும் மலையாளத்தில்தான். மலையாளம் பேச வந்தாலும் படிக்க வராத வட்டவடைப் பெரியவர், தமிழ் பேசும் மருந்துக்கடைக்காரரிடம் போகிறார். அவர் விற்பதற்கு எது இருக்கிறதோ அதைச் சொல்கிறார்.

இனி, உண்மையில் இந்த ஊர்களின் வயிற்றுக்குள் ஜி.எம். போகிற வழியைப் பார்ப்போம். யாரும் காவல் நிற்காத வழி அது. மீனாட்சிபுரம் சோதனைச் சாவடியில் கேரளப் பால்வளத் துறை தமிழ்நாட்டுப் பால் வண்டிகளை நிறுத்தி, கலப்படம் இருக்கிறதா என்று பார்க்கிறது. ஓணம் நெருங்கினால் கெடுபிடி கூடும். அந்த மாடு தின்றது பருத்திப் பிண்ணாக்கு என்று யாரும் எழுதிவைப்பதில்லை, சாவடிக்கு இந்தப் பக்கம் சித்தூர் மாடும் அதையேதான் தின்கிறது. அப்புறம் சோயா எண்ணெய். அர்ஜென்டினாவில் விளையும் சோயா ஏறக்குறைய முழுதும் ஜி.எம். அதன் எண்ணெயை இறக்குமதி செய்ய 2007-லேயே மத்தியக் குழு அனுமதி கொடுத்துவிட்டது. 2018-ல் டெல்லியின் அறிவியல், சுற்றுச்சூழல் மையம் கடைகளில் வாங்கிய 65 உணவுப் பொருள்களைச் சோதித்ததில் 32 விழுக்காட்டில் ஜி.எம். தடயம் இருந்தது. பெரும்பாலானவை இறக்குமதி, குழந்தை உணவும் அவற்றில் உண்டு. இதனால் உடம்புக்குக் கேடு என்று சொல்ல வரவில்லை. சுத்திகரித்த எண்ணெயில் மரபணுவோ புரதமோ அநேகமாக மிஞ்சுவதே இல்லை. அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்கள் 2016-ல் வெளியிட்ட பெரிய அறிக்கையும், சந்தையில் இருக்கும் ஜி.எம். உணவு மற்ற உணவைவிட ஆபத்தானது என்பதற்கு ஆதாரம் காணவில்லை என்றே சொன்னது. என் குறை வேறு. சொல்லிவிட்டுப் போட வேண்டியதைச் சொல்லாமல் போடுகிறார்கள்.

சொல்ல வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. 2013 ஜனவரி 1 முதல், பொட்டலத்தில் மரபணு மாற்றிய உணவு இருந்தால் முகப்பின் மேல்பகுதியில் ‘ஜி.எம்.’ என்ற இரண்டு எழுத்து இருக்க வேண்டும் என்கிறது எடையளவு விதி. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021-ல் ஒரு வரைவு கொண்டுவந்து, ஒரு விழுக்காடோ அதற்கு மேலோ இருந்தால் சொல்ல வேண்டும் என்றது. இத்தனை விதிக்குப் பிறகும் அந்த இரண்டு எழுத்தை எந்தக் கடையிலும் நான் பார்த்ததில்லை. எழுதினால் விற்காது என்பது வியாபாரிகள் பயம். எழுதினால் மக்கள் வீணாகப் பயப்படுவார்கள் என்பது விஞ்ஞானிகள் சிலருடைய பயம். பின்னதுதான் எனக்குப் பெரிய தப்பாகத் தோன்றுகிறது. மக்கள் வீணாகப் பயப்படுவது சொல்லாமல் விடும்போதுதான். ரேஷன் அரிசியில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி-12 சேர்த்த செறிவூட்டிய மணிகளை நூற்றுக்கு ஒன்று வீதம் கலந்தார்கள். நிறம் சற்று மாறியிருந்த மணிகளைப் பொறுக்கி எடுத்து, இரண்டு மாநிலத்துத் தாய்மார்களும் ‘பிளாஸ்டிக் அரிசி’ என்று குப்பையில் போட்டார்கள். இரத்தசோகைக்குக் கொடுத்த மருந்து கோழிக்குப் போனது. ரேஷன் கடைச் சுவரில் ஒரு தட்டி எழுதி, நாலு மணியைக் கையில் கொடுத்துக் காட்டியிருந்தால் முடிந்திருக்கும் வேலை.

அடுத்தது கதவருகே வந்துவிட்டது. 2025 மே 4 அன்று மத்திய வேளாண் அமைச்சர் இரண்டு மரபணுத் திருத்த நெல் ரகங்களை அறிவித்தார். அதில் கமலா என்ற ரகம், நாம் ஆந்திரா பொன்னி என்று வாங்கும் பி.பி.டி. 5204-ஐத் திருத்தியது. வேற்று உயிரின் மரபணு எதையும் செருகவில்லை, நெல்லின் சொந்த மரபணுவில் ஓர் இடத்தைத் திருத்தியிருக்கிறார்கள். இப்படிப்பட்ட திருத்தங்களுக்கு 1989-ஆம் ஆண்டு விதிகளின் கடுமையான கட்டுப்பாடுகளிலிருந்து 2022 மார்ச்சிலேயே விலக்குக் கொடுத்தாகிவிட்டது. அறிவியல்படி விலக்கு சரிதான் என்று வாதிட நிறைய இடம் இருக்கிறது. பாலக்காட்டுக்காரர்கள் மட்டை அரிசி என்று பெருமையாகச் சமைப்பதில் நிறைய இடத்தில் இருப்பது பட்டாம்பி ஆராய்ச்சி நிலையம் 1974-ல் கொடுத்த ஜோதி. அதன் பெற்றோரில் ஒன்று பிலிப்பைன்ஸிலிருந்து வந்த ஐ.ஆர். 8. எந்த நெல்லும் மனிதன் கை படாமல் வரவில்லை. ஆனால் கோவிலூர்க்காரர் கேட்கப்போகும் கேள்விகளை இப்போதே சொல்லிவிடலாம். எடுத்துவைத்து விதைக்கலாமா? திருத்தும் கத்திக்குக் காப்புரிமை யாரிடம்? மூட்டையின் மேல் எழுதுவார்களா? முதல் கேள்விக்கு அது ஒட்டு இல்லாத ரகம் என்பதால் எடுத்துவைக்கலாம் என்று பதில் சொல்லிவிடலாம். அடுத்த இரண்டுக்கும் அதிகாரிகள்தான் பதில் சொல்ல வேண்டும். ஜி.எம். கடுகு வழக்கில் 2024 ஜூலை 23 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் நாகரத்னாவும் சஞ்சய் கரோலும் ஆளுக்கொரு தீர்ப்புச் சொன்னார்கள். ஆனால் விவசாயிகள் உட்பட எல்லோரையும் கேட்டு ஒரு தேசியக் கொள்கை வகுக்க வேண்டும் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அப்படிக் கேட்க வருகிறவர்கள் இந்தத் தடவை பெங்களூரோடு திரும்பிப் போய்விடாமல் வாளையாரும் கம்பம்மெட்டும் ஏறி வர வேண்டும், தமிழ் தெரிந்த ஒருவரையும் கூட்டிக்கொண்டு.

திரும்பும் வழியில் கொழிஞ்சாம்பாறையில் ஒரு பலசரக்குக் கடையில் நின்றேன். சோயா எண்ணெய் ஒரு லிட்டர் பாக்கெட்டை எடுத்துப் பார்த்தேன். பச்சைப் புள்ளி இருந்தது, விலை இருந்தது, இதயத்துக்கு நல்லது என்று படம் இருந்தது. புரட்டிப் புரட்டிப் பார்த்தும் நான் தேடிய இரண்டு எழுத்து கிடைக்கவில்லை. கல்லாவில் இருந்த அம்மா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். “டேட்டா சார் பாக்கறீங்க? அடியில இருக்கும். நேத்துதான் வந்த சரக்கு, தைரியமா எடுத்துட்டுப் போங்க” என்றார்.